இறங்கும்போதுதான் வலிக்கும்

1. மலைக்காரி

விமானப் பணிப்பெண் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கடைசியாக என் ஊரைக் கேட்டார்கள். கொடைக்கானல் என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"ஏழாயிரம் அடியிலயே பொறந்து வளர்ந்த பொண்ணு! உயரம் இவளை என்ன பண்ணும்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரும் தலையை ஆட்டினார். மலையில் வளர்ந்ததால்தான் எனக்கு வருஷம் முழுக்கச் சளி என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. வேலை தருகிறேன் என்பவரைத் திருத்துவது நல்ல பழக்கமில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தான் என்னை மெட்ராஸ் வரை கொண்டுபோய் விமானத்தில் ஏற்றியது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போறது போ. ஆனா அந்தச் சோலி என்னைக்குப் போகுதோ, அன்னைக்கே பேசாம வீட்டுக்கு வந்துரணும். பாலசமுத்திரத்துல மாந்தோப்போட ஒரு மாப்பிள்ளை இருக்காரு. அவுக வீட்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

அந்த மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்தான். காப்பி குடித்து முடிக்கும்வரை மாங்காய்க்குப் பூச்சி மருந்து அடிப்பதைப் பற்றியே பேசினார். என்ன ஆனாலும் இந்த வேலையை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

2. பெப்பர்மின்ட் தட்டு

அப்போது எங்கள் தடத்தில் ஓடியவை டக்கோட்டா விமானங்கள். உள்ளே காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் ஏற்பாடெல்லாம் அவற்றில் கிடையாது. மெட்ராஸ், திருச்சி, மதுரை, திருவனந்தபுரம் என்று டவுன் பஸ் மாதிரி இறங்கி இறங்கி ஏறும்.

ஏறும்போது பெரிய தொந்தரவு இல்லை. முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்று தானாக வெளியே போய்விடும். இறங்கும்போது வெளிக்காற்று அதே வழியாக உள்ளே வரவேண்டும். சளியால் வழி அடைத்திருந்தால் வராது. அப்போது புருவத்துக்கு மேலே ஆணி அடிப்பது போல இருக்கும். பைலட் எவ்வளவு வேகமாக இறக்குகிறாரோ, அவ்வளவு ஆழமாக இறங்கும் ஆணி.

சரியாக அந்த நேரத்தில்தான் பணிப்பெண் ஒரு தட்டில் பெப்பர்மின்ட்டும் காதுக்குப் பஞ்சும் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வரிசை வரிசையாகப் போகவேண்டும். "சப்பி விழுங்கிக்கிட்டே இருங்க சார், காது அடைக்காது" என்று எல்லோருக்கும் சொல்வேன். என் பல்லை நான் கடித்துக்கொண்டிருப்பது வெளியே சிரிப்பாகத் தெரியும். கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டும். காரைக்குடிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எங்களைப் பிரியிறதுக்கா இப்பிடிக் கண்கலங்குறே?" என்றார். ஆமாம் சார் என்றேன். மனிதர் உருகிப்போனார்.

சைனஸ் இருப்பது தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. கம்பெனி டாக்டர் தலை நிமிராமல், "எனி டிரபிள்?" என்பார். "நோ சார்" என்பேன். கையெழுத்துப் போட்டுவிடுவார். எஃபெட்ரின் சொட்டு மருந்து பாட்டில் ஒன்று என் கைப்பையின் அடியில் எப்போதும் கிடக்கும். விமானத்தின் கழிவறையில் போய் அண்ணாந்து நின்று மூக்கில் விட்டுக்கொள்வேன்.

லீவில் ஊருக்குப் போனால் அம்மாவின் வைத்தியம். "வெள்ளனே எந்திரிச்சு வேது புடி" என்று தைல இலை போட்டுக் கொதிக்கவைத்த பானையோடு போர்வைக்குள் தள்ளிவிடுவாள். அதோடு விட்டால் பரவாயில்லை. வடகவுஞ்சியிலிருந்து கடைக்கு வரும் மலைப்பூண்டைச் சுட்டுச் சுட்டுத் தின்னக் கொடுப்பாள். அப்படி ஒரு லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கேப்டன் கதவைத் திறந்து, "யாரும்மா ப்ளேன்ல ரசம் கொண்டு வந்திருக்கறது?" என்று கேட்டார். பயணி யாராவது கொண்டுவந்திருப்பார்கள் என்றேன், வாயைத் திறந்தும் திறக்காமலும்.

3. ஊத்து டீக்கடை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன். லீவு முடிந்து, கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் பார்த்தால் எங்கள் கம்பெனி டாக்டர், மனைவியோடு. அடுத்த திங்கட்கிழமை எனக்கு மெடிக்கல். மூக்கோ ஒழுகிக்கொண்டிருந்தது. தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

பெருமாள்மலை தாண்டியதும் டாக்டர் முனக ஆரம்பித்தார். தூறலில் போட்டிங் போய்ச் சளி பிடித்துக்கொண்டதாம். ஒரு கையால் புருவத்தை அழுத்திக்கொண்டு முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டினார். கண்டக்டர் பார்த்துவிட்டு வந்தார்.

"பித்தம் சார். மலைப் பாதையில எல்லாருக்கும் வாரதுதான். இந்த எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க. கீழ போயிட்டா எல்லாம் சரியாப் போயிரும்." டிரைவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணே, சாருக்கு ரொம்ப முடியல. வெரசா எறக்குங்க!"

டிரைவரும் நல்ல மனசுக்காரர். வெரசாகவே இறக்கினார். அடுத்த வளைவிலேயே டாக்டர் வாய்விட்டு அலறிவிட்டார்.

அந்த அலறல் எனக்குத் தெரிந்த அலறல். நான் அலறாமல் விழுங்கிய அத்தனையையும் சேர்த்து அவர் ஒருவரே அலறிய மாதிரி இருந்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"அண்ணே, நிப்பாட்டுங்க! இது பித்தமில்ல. எறக்க எறக்கத்தான் வலி கூடும்."

ஊத்து என்கிற இடத்தில் ஒரு டீக்கடை ஓரமாக பஸ் நின்றது. கடைக்காரரிடம் கொதிக்கிற தண்ணீர் வாங்கி, அம்மா கொடுத்தனுப்பிய தைலத்தை நாலு சொட்டு விட்டு ஆவி பிடிக்கவைத்தேன். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊதப் போனவரை, சளி இன்னும் உள்ளே ஏறிவிடும் என்று தடுத்தேன். கைப்பையின் அடியிலிருந்த பாட்டிலை எடுத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி மூக்கில் மருந்து விட்டேன். சூடான டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவைத்தேன். ரயில் போய்விடும் என்று பஸ்ஸில் எல்லோரும் கத்தினார்கள். "ஒரு மனுசனுக்காக நாங்க எல்லாரும் கெடக்கணுமா?" என்று ஒரு குரல் கேட்டது. கண்டக்டர் எலுமிச்சம்பழத்தைத் தானே மோந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"நீ நம்ம கம்பெனிப் பொண்ணு இல்ல?"

"ஆமா சார்."

பெஞ்சில் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதி காலியாகியிருந்தது.

"இது யாருக்கு எழுதிக் கொடுத்தது?"

"அம்மாவுக்கு சார்."

"ஓ. அம்மாவும் ப்ளேன்ல வேலை பார்க்கறாங்களா?"

நான் பாட்டிலை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அங்கங்கே நிறுத்தி மெதுவாக இறக்கினார்கள். அப்படியும் ரயில் கிடைத்துவிட்டது. ஸ்டேஷனில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க குலதெய்வமா வந்தேம்மா" என்று கண் கலங்கினார். குலதெய்வத்தை யாரும் வேலையிலிருந்து நீக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் மெட்ராஸ் வரை நிம்மதியாகத் தூங்கினேன்.

4. மெடிக்கல்

திங்கட்கிழமை டாக்டர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்து வந்து இரண்டு கட்டைவிரலாலும் என் புருவ மூலையை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. பறக்கத் தகுதியில்லை, தரையில் வேலை கொடுக்கலாம் என்று எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அன்னைக்கு பஸ்ல நான் உங்களுக்கு உதவி செய்யாம இருந்திருந்தா?"

"வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த வலியை நான் புஸ்தகத்துலதாம்மா படிச்சிருந்தேன். அது எப்படி இருக்கும்னு தெரிஞ்ச பிறகு உன்னை மேல அனுப்ப எனக்கு மனசு வரல."

நன்றி மறக்காத மனிதரிடம் என்னவென்று சண்டை போடுவது? வெளியே மரத்தடியில் நின்று ஆத்திரம் தீர அழுதேன்.

ஊருக்குப் போய், "சோலி போகலப்பா. மேல இருந்து கீழ எறக்கியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றேன். அப்பா கேட்கவில்லை. அன்றைக்கே பாலசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஆனால் செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா நேரில் வந்து, காப்பியைக்கூடத் தொடாமல் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டரே தகுதியில்லாத பொண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாராமே."

"அது ப்ளேனுக்குத்தாங்க எழுதுனது" என்றார் அப்பா.

"எதுக்கா இருந்தா என்னங்க? டாக்டர் எழுதுனது எழுதுனதுதானே."

அவர் போனபிறகு அப்பா அந்தக் காப்பியைத் தானே குடித்து முடித்தார். எழுந்து கடைக்குப் போகும்போது, "எப்ப வேலைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே வந்து போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஓய்வு பெறும்வரை டிக்கெட் கவுன்டரில்தான் வேலை. என் விருப்பப்படி, எனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அந்த நாற்காலியை யாரும் பறிக்கவில்லை. பறந்துகொண்டிருந்த பணிப்பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கழுத்தில் தாலி ஏறிய அன்றே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மூக்கடைப்போடு விமானம் ஏறாதீர்கள். ஏறியே ஆகவேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு மருந்து விட்டுக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது தூங்காதீர்கள், எதையாவது மென்று விழுங்கிக்கொண்டே இருங்கள். கவுன்டருக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு வேண்டாம் சார், வேற தேதிக்கு மாத்தித் தரேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கல்யாணம், கேஸ், இன்டர்வியூ என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் நான் நின்றிருந்தால் நானும்தான் கேட்டிருக்கமாட்டேன்.