கன்றுக்கு வாங்கிய கள்மண்டி

எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிச் சட்டம் வருவதற்கு இரண்டு வருசம் முந்தி நடந்தது இது. எனக்கு எட்டு வயசு. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே குடியிருந்தோம். பாம்பு தீண்டித் தாய்ப்பசு போய்விட, அதன் செவலைக் கிடாரிக் கன்று பால்குடி மறக்கும் முன்பே அநாதையாகிவிட்டது. வைக்கோலை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தவிட்டை நக்கினாலோ கழிச்சல். அந்தப் பசுவின் வழியில் மிச்சம் அது ஒன்றுதான் என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

சித்தப்பாதான் வாயைத் திறந்தார். "கள்ளு எறக்கறவரு ஊட்டுக் கன்னுகளப் பாத்திருக்கீங்களாண்ணா? கள்ளுப்பானை அடியில நிக்கற மண்டியத் தவுட்டுல கலந்து வெக்கறாருங்க. அதுக என்ன மினுமினுப்பு!"

அப்பாவின் முகம் கறுத்தது. சித்தப்பா முன்பு கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர். போன ஆடியில்தான் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து கள்ளை விட்டிருந்தார்.

"கன்னுக்குத்தானுங்கண்ணா" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி.

அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "புள்ளையையும் கூடக் கூட்டிட்டுப் போ" என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

தினமும் விடிந்ததும் போவோம். சித்தப்பா கள் இறக்குபவரின் பனைமரங்களுக்கு எட்டவே நின்றுகொள்வார். "நீயே போயி வாங்கியா சாமி. ஊடு வரைக்கும் நீயே புடிச்சுக்க." என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டாரே என்ற மிதப்பில் சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி நடப்பேன்.

அந்த மண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தவிட்டில் பிசைந்து மூடி வைப்பாள் அம்மா. உச்சிப்பொழுதுக்குள், அடேயப்பா! தவிடு உப்பி எழுந்து மூடியையே தள்ளிக்கொண்டு நிற்கும். காதை வைத்தால் உள்ளே பொசபொசவென்று சத்தம். அடுப்பில்லை, நெருப்பில்லை, எது இதைப் பொங்க வைக்கிறது? பானைக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றே நம்பினேன். யாரும் பார்க்காதபோது ஒருநாள் கும்பிடும் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கன்று கிட்டவே வரவில்லை. மூன்றாம் நாள் விரலில் தடவி நீட்டினேன், சப்பியது. அப்புறம் பானைக்குள்ளேயே மூஞ்சியை விட்டது. கழிச்சல் நின்றது. வைக்கோலைக் கடித்தது. ஒரு மத்தியானம் பார்க்கிறேன், படுத்தபடி கண்ணைச் சொருகிக்கொண்டு அசைபோடுகிறது! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. ஓடிப்போய் எல்லாரையும் இழுத்து வந்தேன்.

சித்தப்பா கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு சொம்பைக் காட்டி, "அதக் கழுவிக் கவுத்திரு சாமி" என்றார். நான் கழுவி முடிக்கும்வரை துண்டால் மூக்கைப் பொத்தி, முதுகைக் காட்டியபடி நின்றார்.

"இந்த நாத்தத்துக்கே இப்படியா சித்தப்பா?" என்று சிரித்தேன்.

"ஆமா சாமி" என்றார்.

பாவம், அந்த வாசம் அவருக்கு ஆகாது போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.