விதானையார் விட்டுவைத்த பெர்லின்

1940ஆம் ஆண்டு, மட்டக்களப்புப் பக்கம் நாவற்குடாவிலிருந்து செட்டிபாளையம் வரை, கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற பாட்டுப்பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரி சீதேவிப்பிள்ளை. நாற்பது வயது, விதவை, சண்டைக்காரி என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் பாதிதான் உண்மை. பெட்டியில் வெற்றிலைத் துப்பல் பட்டாலும், ஊசி மாற்றவிடாமல் அடுத்த பாட்டுக்கு அவசரப்படுத்தினாலும் மட்டுமே சண்டை பிடிப்பாள்.

பெட்டியை அவள் வாங்கியது, சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு தென்னந்தோட்டத் துரையிடம். கூடவே நாலு பெரிய இசைத்தட்டுகளும் வந்தன. பெர்லின் நகரத்து வாத்தியக் கோஷ்டி வாசித்த நீண்ட உருப்படி ஒன்று, எட்டுப் பக்கங்களில். நாலு நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்து, வாசிப்புப் பாதியில் நின்றுவிடும். மிச்சத்துக்குத் தட்டைத் திருப்ப வேண்டும். ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். அதில் யாரும் பாடவில்லை. பெட்டியின் அடி அலுமாரியில் செருகிவிட்டு மறந்துபோனாள். அவளுக்குச் சோறு போட்டவை முப்பது சொச்சம் தமிழ்ப் பாட்டுத் தட்டுகள்.

மே மாதக் கடைசியில், ஊருக்கு அரசாங்கம் வைத்த தலைமைக்காரர், விதானையார் சாமித்தம்பி வந்தார். ஜேர்மனியோடு யுத்தம் நடந்த நேரம்; எதிரி நாட்டுச் சாமான் எவரிடம் இருக்கிறது என்று பார்த்து அறிவிக்கும்படி அவருக்கு உத்தரவு. பறிக்கும்படி இல்லை. அவர் பறித்தார்.

ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார். தமிழ்ப் பாட்டுத் தட்டுகளில் ‘ஜேர்மனியில் செய்தது’ என்று இருந்தது. பாடியவர்கள் மதராஸ்காரர்கள், தட்டை அச்சடித்தது ஜேர்மன் தொழிற்சாலை. பெர்லின்காரர் வாசித்த நாலு தட்டிலும் ‘இங்கிலாந்தில் செய்தது’ என்று இருந்தது.

“இது முருகன் பாட்டு, விதானையார். முருகனும் ஜேர்மன்காரனோ?”

“பாட்டு நம்மட. தட்டு ஆர்ட? எனக்குச் சட்டம் படிப்பிக்காத.”

“அப்ப இந்த நாலும்?”

“அது இங்கிலாந்து. நல்ல சாமான். வெச்சிரு.”

தமிழ்ப் பாட்டு முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் போய், அரக்கு முத்திரை வாங்கி, விதானையார் வீட்டுக்குப் போனது. அந்த மாதம் பேசியிருந்த கலியாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. சீதேவிப்பிள்ளை அவர் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தாள். “மேலிடத்துக்கு எழுதியிரிக்கன்” என்றே பதில் வந்தது. அவர் எழுதவேயில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு விதானையாரின் மகளுக்குக் கலியாணம். டவுனிலிருந்து வர வேண்டிய ஒலிபெருக்கிக்காரன் வரவில்லை. ‘பாட்டுப்பெட்டியோடு வா, தட்டுகளைத் திருப்பித் தாறன்’ என்று ஆள் வந்தது. அண்ணன் முறையில் அவள் ‘காக்கா’ என்று கூப்பிடும் காத்தான்குடி உசனாரின் மாட்டு வண்டியில் பெட்டியை ஏற்றினாள்.

“தங்கச்சி, தட்ட வாங்கிட்டுப் பேசாம வா. கலியாண வீடு” என்றார் உசனார்.

“பேசாம வாறதுக்கா காக்கா வண்டி கட்டின?”

பந்தலில் சனம் நிறைந்திருந்தது. தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, விதானையாரே முத்திரையை உடைத்தார். சீதேவிப்பிள்ளை மேல்தட்டை எடுத்தாள். பொரித்த அப்பளம்போல அது நெளிந்து கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஒன்றைச் சுழலவிட்டாள், ஊசி துள்ளி வெளியே விழுந்தது. அடித்தட்டு வரை பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

“எங்க வெச்ச நீங்க?”

“பின்னால தகரக் கொட்டிலுக்க. பத்திரமாத்தான்.”

“பத்திரம்! கச்சான் சூட்டுக்காத்து வீசுற மாசம் அதுக்குள்ள கருவாடு காயும். இது அரக்குத் தட்டு எண்டு தெரியாதா உங்களுக்கு?”

“தட்டுத்தானே கா. சூடு காட்டித் தேய்ச்சா நிமிரும்.”

“உங்கட மகளுக்குத் தாலி நெளிஞ்சு வந்தா, தேய்ச்சுக் கட்டுவீங்களா?”

மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். விதானையார் குரலைத் தாழ்த்தினார். “சனம் பாக்குது. என்னத்தையாவது போடு.”

அவள் அடி அலுமாரியைத் திறந்தாள்.

முதலில் இரைச்சல், மழை ஓலையில் விழுகிற மாதிரி. அதற்குள்ளிருந்து நூறு பேர் ஒரே மூச்சில் வாசிக்கிற சத்தம், மெலிந்தும் கரகரத்தும் வந்தது. பந்தல் காத்திருந்தது.

“இது எப்ப பாடும்?” என்று பந்தலில் ஒருவர் கேட்டார்.

“ஆள் வெத்திலை போடுறார். பொறு” என்றார் பக்கத்திலிருந்தவர்.

விருந்துக்கு வந்திருந்த நல்லரத்தினம் வாத்தியார் எழுந்து போய், அடுத்துப் போடவிருந்த தட்டை எடுத்துப் படித்தார். “பெர்லின் கோஷ்டி எண்டெல்லோ போட்டிரிக்கு, விதானையார்?”

விதானையார் ஓடிவந்தார். சீதேவிப்பிள்ளை பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“கை வெக்காதீங்க. இங்கிலாந்துச் சாமான். நீங்களே படிச்சுப் பாத்து விட்டது.”

சிரிப்பு மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் தொடங்கிப் பந்தல் முழுக்கப் பரவியது. அவள் சிரிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்றி, சாவி முறுக்கி, எட்டுப் பக்கமும் போட்டாள். கடைசியில் கோஷ்டி முழுவதும் சேர்ந்து அடித்த அடியில் பெட்டியின் குழல் அதிர்ந்தது. சிலர் கேட்டார்கள். பலர் சோற்றுக்குப் போனார்கள்.

“வெண்டுட்டாய் தங்கச்சி” என்றார் உசனார், வண்டியில் ஏற்றும்போது.

“என்னத்த வெண்ட? என்ட பாட்டெல்லாம் போயிட்டு. அந்த மனிசன் வாயத் துறந்து, பிழை எண்டு ஒரு சொல்லுச் சொன்னானா?”

திங்கட்கிழமை காலை, நெளிந்த தட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு மட்டக்களப்புக் கோட்டுக்குப் போய், விதானையார்மேல் வழக்கு வைத்தாள்.