கடைசி வாகனத்துக்கு ஒரு வேப்பங்கொப்பு

நிலாவெளி றோட்டில் குழாய் பதிக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்கத் தோண்டிய கிடங்கு. மற்றப் பக்கத்தால் மாறி மாறித்தான் வாகனங்களை விடுகிறார்கள்.

இன்று காலை எங்கள் வரிசையில் கடைசியாக நின்றது என் ஸ்கூட்டி. கொடி பிடித்து நின்ற அக்கா, சிவப்புத் துணி கட்டிய வேப்பங்கொப்பு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இதை அங்கால கொடியோட நிக்கிறவரிட்டக் குடுங்கோ."

"ஏனக்கா, போனில சொல்ல ஏலாதோ?"

"போனில சொன்னா நடுவில ஆரும் நிக்கினமோ எண்டு தெரியாது, தம்பி. கொப்பு கைக்கு வந்தாத்தான் றோட்டில ஒருத்தரும் இல்லை எண்டு நம்பி மற்றப் பக்கத்தை விடுவார்."

எவ்வளவு எளிய யோசனை! வியந்துகொண்டே போன நான், பாதி வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, கொப்பைக் கைப்பிடியில் செருகி, நாலைந்து படம் எடுத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு பஸ், இரண்டு டிப்பர், ஒரு மீன் லொறி. எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றன.

கொப்பை வாங்கிய கொடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, மரம் நட்டு, வளர்த்து, முறிச்சோ கொண்டு வாறீங்கள்?"

அந்த பஸ்ஸில் இருந்த யாராவது இதை வாசித்தால், நீங்கள் காத்திருந்தது கீழே உள்ள படத்துக்காகத்தான். ஒரு லைக்காவது போடுங்கோ.