சீத்தாக்கொட்டைப் பொடி

ஐந்தாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பாடம் கொண்டுவருகிறாளோ இல்லையோ, வாரம் தவறாமல் பேன் கொண்டுவந்துவிடுவாள். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சீத்தாக்கொட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை முடிந்து ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், செண்பகத்தோப்புப் பக்கத்துச் சீத்தாப்பழத்தைக் கூறு வைத்து விற்பார்கள். பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கழுவி மாடியில் காயவைத்து மிக்ஸியில் அரைப்பேன். எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்தால் ஒரு பேன் மிஞ்சாது. பேனைக் கொல்கிற பொடி மனுஷரை என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் நான் படித்தவள், ஆபீஸில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள்.

என் கணவருக்குச் சர்க்கரை. மாத்திரையோடு நிற்காமல், காலையில் நாவல்கொட்டைப் பொடியை மோரில் கலக்கிக் குடிப்பார். அரைத்துக் கொடுப்பது நான்தான். போன சீத்தாப்பழ சீசனில், ஒரு கல்யாண வீட்டில் மூன்று ஜிலேபி தின்றிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க ஜிலேபி திங்கிறதுக்கு நான் எதுக்குக் கொட்டை அரைக்கணும்? இனிமே ஒங்க பாடு."

பொடி தீர்ந்து பாட்டில் காலியாகக் கிடந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. பத்து நாள் எங்களுக்குள் சரியான பேச்சில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் தலைக்காகச் சீத்தாக்கொட்டையை அரைத்தேன். கைக்கு அகப்பட்ட அந்தக் காலிப் பாட்டிலிலேயே கொட்டி வைத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால், அவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார்.

"தொண்டை எரியுது. வயித்தப் பெரட்டுது."

மேசையில் மோர் குடித்த டம்ளர். பக்கத்தில் அந்தப் பாட்டில். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாட்டிலைத் திறந்து பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "முழுக் கொட்டையத் தெரியாம முழுங்கினாப் பெரும்பாலும் அப்படியே வெளிய போயிரும். அரைச்சாத்தான் ஆபத்து, உள்ள இருக்கிற விஷம் வெளிய வந்துரும். எதுக்கு இத அரைச்சீங்க?"

"பிள்ளை தலைக்கு. பேனுக்கு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "கண்ணுல பட்டா கருவிழி புண்ணாயிரும்மா. பார்வையே போகலாம். இனிமே தொடாதீங்க."

இரண்டு வருஷமாக, "கண்ண மூடிக்கோட்டி" என்று சொல்லிக்கொண்டே தேய்த்திருக்கிறேன். கண்ணில் படாமல் தப்பியது அவள் அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரே வீட்டில் ஒருத்தர் கண்ணுக்கும் ஒருத்தர் உயிருக்கும் நானே உலை வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வாந்தி நின்றது. பயப்பட வேண்டாம், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உயிர் வந்தது. உயிர் வந்ததும் எனக்கு வழக்கம்போல் கோபமும் வந்தது.

"வாயில வச்சதுமே வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்ல? துப்பித் தொலைக்க வேண்டியதுதானே? அம்புட்டையும் ஏன் குடிச்சீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவம் ஆறி, எனக்காக அரைச்சு வச்சிருக்கியேன்னு நெனச்சேன். கசக்கத்தான் செஞ்சுது. அதுக்காக எப்படிட்டி துப்புறது?"