துளசி போட்ட வெள்ளித் தண்ணீர்

இன்று மாலை பாப்பாவுக்குச் சளி மருந்து கேட்டபோது கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார்.

"நானோ சில்வர் சொட்டு மருந்தும்மா. துளசி போட்டு செஞ்சது, கெமிக்கலே கிடையாது. உங்க மாமியார் போன வாரமே வாங்கிக்கினு போனாங்களே, சொல்லலியா?"

சொல்லவில்லை.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து கேட்டேன். அத்தை பாதி காலியான பாட்டிலைக் காட்டினார்.

"சொட்டு சொட்டா குடுத்தா சளி எப்ப போவும்? வெள்ளிப் பாலாடையில ஊத்திக் குடுத்தேன். தறியில தெனம் நாம ஜரிகைல தொடாத வெள்ளியா? வெள்ளி என்னாமா பண்ணும்?"

எம்.எஸ்ஸி.யில் என் புராஜெக்டே இதுதான். வெள்ளி நைட்ரேட் கரைசலில் துளசிச் சாற்றை ஊற்றினால் மெல்லப் பழுப்பாகும். வெள்ளி நானோ துகள் தயார். 'நச்சில்லாத முறை' என்று போஸ்டரில் பெரிதாக எழுதியவளே நான்தான்.

நச்சில்லாதது செய்கிற முறை. அதைக் குழந்தை குடிக்கலாமா என்று நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

டாக்டர் போனில், "மொத்தம் எவ்ளோ வெள்ளி உள்ள போயிருக்கும்? பாட்டில்ல அளவு போட்டிருக்கா?" என்று கேட்டார். பாட்டிலில் துளசிப் படம் மட்டும்தான் இருந்தது. காலையில் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.

அத்தை அழுதுகொண்டே, "துளசில செய்யலாம்னு நீதானமா சொன்ன" என்கிறார். ஆமாம், என் புராஜெக்டைப் பற்றிப் பெருமையாக நான்தான் சொன்னேன்.

'இயற்கைதானே, ஒன்றும் ஆகாது' என்று இந்தப் பதிவுக்குக் கமெண்ட் போட வருகிறவர்கள், அதில் வெள்ளி எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டாக்டர் கேட்கிறார்.