அண்ணன் கொடுத்த போட்டோ

என் அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயதானதும் சிறப்புப் பள்ளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதன்பிறகு அவனுக்கு மிஞ்சியது டிவி, அம்மா, சாயங்காலத்தில் நான். நான் திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள். அந்த ஒரு பெட்டியிலேயே எனக்கு ஏழெட்டு சிநேகிதிகள். அவனுக்கோ இருபது வருஷத்துக்கும் மேலாக ஒருத்தரும் இல்லை. இது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆயிற்று.

எங்கள் தெருவில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் ஆடுவார்கள். வீட்டில் அண்ணன் என்னோடு கேரம் ஆடுவான். ஆடத் தெரியும் அவனுக்கு. அந்தக் குழுவை நடத்துகிறவர் எலெக்ட்ரிக் கடைக்காரர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"எங்க அண்ணனையும் சேத்துக்குவீங்களா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா? தாராளமா வரட்டும்."

இரண்டு வருஷம் போனான். சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போடச் சொல்வான். "என் ஃப்ரெண்ட்ஸ்" என்று வாய்க்கு வாய் சொல்வான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படியொரு பிள்ளையை வீட்டில் வைத்திருந்த ஓர் அம்மாவுக்கு ரயிலில் உபதேசம்கூடச் செய்தேன். "நாம போய்க் கேக்கணும்ங்க, கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்க." அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அறைக்குள் ஒருநாளாவது எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருஷம் குழுவில் ஒருத்தருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அண்ணன் ஓடிவந்து சொன்னான்:

"பேனர் வெக்கிறாங்க. எல்லாரும் போட்டோ குடுக்கணும்."

நானே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தெருமுனையில் பேனர் கட்டினார்கள். மேலே மாப்பிள்ளையும் பெண்ணும், கீழே மூன்று வரிசையில் நண்பர்களின் முகங்கள். அண்ணன் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக விரலால் காட்டிக்கொண்டே போனான். துபாய்க்குப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாத ஒருத்தரின் முகம் இருந்தது. மூன்றாவது வரிசை முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தேடினான்.

"நான் எங்க?" என்றான்.

அவனை வீட்டில் விட்டுவிட்டு நேராக எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றார் கடைக்காரர். "பொண்ணு வூட்டுக்காரங்க கண்டாச்சிபுரம் பக்கம். மாப்பிள்ளை யார் யார்கூட பழகிக்கினு இருக்காருன்னு பாப்பாங்க. எதுக்கு பேஜாருன்னுதான்."

"அப்ப போட்டோவ ஏன் வாங்கினீங்க?"

"அவரா நீட்டினாரு. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுமில்ல?"

மேஜை இழுப்பறையைத் திறந்து, ஸ்குரூக்களுக்கு நடுவிலிருந்து போட்டோவை எடுத்து என்னிடம் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"அங்க எங்க அண்ணன் நல்லா ஆடறாரா?"

அவர் இழுப்பறையை மூடினார். "ஆடறதில்லக்கா. ஆட்டம் முடிஞ்சதும் காயெல்லாம் அடுக்கி வெப்பாரு. அழகா அடுக்குவாரு."

இரண்டு வருஷம். நூறு ஞாயிறாவது இருக்கும்.

கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரவேற்பன்று சாயங்காலம் அண்ணன் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "கூப்பிடாத வூட்டுக்குப் போகக்கூடாதுப்பா," என்றாள் அம்மா. அவன் உள்ளே வந்து சோறு கேட்டான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் செருப்பை மாட்டினான்.

"இனிமே அங்க போவாத," என்றேன்.

"வேற எங்க போறது?"

கேலியாகக் கேட்கத் தெரியாது அவனுக்கு. இடம் ஏதாவது இருந்தால் சொல் என்றுதான் கேட்டான். பழைய பள்ளித் தோழர்களின் வீடுகளுக்குப் போன் செய்து பார்த்தேன். ஒருத்தன் காலமாகிவிட்டான். இன்னொருத்தனை விடுதியில் சேர்த்துவிட்டார்களாம். மூன்றாவது வீட்டில், "அவன் வெளிய வர்றதில்லீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் நானும் அவனோடு போகிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடுகிறார்கள், அவன் கையில் ஸ்டிரைக்கரைக் கொடுக்கிறார்கள். நான் வராவிட்டால் கொடுப்பார்களா என்று நான் கேட்பதில்லை; அவர்களும் சொல்வதில்லை. அவன் ஒரு காயைப் போட்டாலும் எலெக்ட்ரிக் கடைக்காரர் கை தட்டுகிறார். வேறு யாருக்கும் அந்த அறையில் கை தட்டுவதில்லை. அண்ணன் சிரிக்கிறான். நான் போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.