கடும் அதிருப்தியில் உள்ள வாடிக்கையாளர்

“வாடிக்கையாளர் கடும் அதிருப்தியில் உள்ளார். நாளாந்தம் கடைக்கு வந்து சத்தமிடுகிறார். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான கைப்பேசிக்குப் பதிலாகப் புதியது உடனடியாக வழங்கப்பட வேண்டும்.”

அக்குறணையில் போன் கடை வைத்திருக்கும் அஸீம் கம்பனிக்கு அனுப்பிய முறைப்பாடு இது. அந்தக் கடும் அதிருப்திக்காரியின் பெயர் கஜலட்சுமி. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வந்து, டவுனில் ஒரு மிளகாய் மில்லில் தூள் பக்கற் கட்டுகிறவள். அஸீமின் கடைக்கு அவள் போனது ஒரே தடவைதான். கதிரையில் உட்கார்ந்து, போனை மேசையில் வைத்து, “இது எந்திரிக்க மாட்டேங்குது தம்பி” என்றாள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வாடிக்கையாளர் சத்தம் போடாவிட்டால் அவர் சார்பில் கடைக்காரனாவது போட வேண்டும் என்பது அஸீமின் கட்சி.

போன், கட்டாரில் வேலை செய்யும் மகன் சதீஸ்குமார் லீவில் வந்தபோது அஸீமின் கடையில் வாங்கிக் கொடுத்தது. அது செத்தது ஆயுத பூசையன்று. மில்லில் தராசு, அரைக்கும் எந்திரம், பக்கற்றுக்குச் சீல் வைக்கும் மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். கஜலட்சுமி தன் போனையும் அந்த வரிசையில் வைத்தாள். மற்றவற்றுக்கு மஞ்சள் தண்ணீரைத் துளித் துளியாகத் தெளித்தவள், போனுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டினாள். அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. மகன் பேச்சை நிறுத்திப் பல வாரங்களாகியிருந்தன. சண்டை சச்சரவு எதுவுமில்லை. அவள் அனுப்பும் குரல் செய்திகளுக்கு நீலக்கோடு விழும். கேட்டுவிட்டான் என்று தெரியும். பதில் மட்டும் வராது. போன் பேச வேண்டுமென்று பூசை போட்டாள். அன்று பின்னேரமே அது ஒரேயடியாக ஊமையாகிவிட்டது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மிளகாய்த்தூளில் வருசக்கணக்காகக் கிடந்த கைக்கு எரிச்சல் தெரியாமல் போவது போல, நெஞ்சிலும் ஏதோ மரத்துப் போயிருந்தது. வந்தது ஒரு நிம்மதிதான். பக்கத்தில் உட்கார்ந்து பக்கற் கட்டும் பரிமளத்துக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது.

“என்னக்கா, மகன் கோல் எடுத்தானா?”

“போன்தான் ஒடைஞ்சு கெடக்கே.”

“அதுதானே. அவன் என்னா செய்வான் பாவம், அங்கேருந்து அடிச்சு அடிச்சுப் பாத்திருப்பான்.”

“பாத்திருப்பான்.”

பரிமளத்தின் போன் இலக்கமும் மகனிடம் இருந்தது. அதை இருவருமே ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் அஸீமின் சத்தம் பலித்துவிட்டது. ஒருநாள் மில்லின் போனுக்கே அழைத்தான்.

“அக்கா, கண்டி சேர்விஸ் சென்டருக்கு ஓங்கட புதுப் போன் வந்தீக்குது. பழையத்துல ஈந்த சந்தனத்த நான் பிரஷ் போட்டு எடுத்துட்டன். தண்ணி பட்டிச்சாண்டு கேப்பாங்க. இல்லண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் பேசாதீங்க.”

“நான் எங்க தம்பி பேசுறேன்.”

“அதுதான் எனக்கும் பயம்.”

சேர்விஸ் சென்டரில் சுதர்சினி என்ற பெண் புதுப் பெட்டியையும் பழைய போனையும் எடுத்து வந்து வைத்துவிட்டு, கஜலட்சுமியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

“நீங்கதானா அம்மா தினமும் சத்தம் போட்டவங்க?”

“எங்க?”

“சரி விடுங்க. ஒரே ஒரு கேள்விதான். போன்ல தண்ணி ஏதும் பட்டுச்சா? இல்லைன்னா சைன் வச்சிட்டுப் புதுச எடுத்துட்டுப் போங்க.”

கஜலட்சுமி பெட்டியைப் பார்த்தாள். இது வேலை செய்யும். யார் கோல் எடுத்தாலும் அடிக்கும். யாரும் எடுக்காவிட்டால் அதையும் தெளிவாகக் காட்டும். நாளைக்குப் பரிமளம் கேட்பாள். சொல்ல ஒன்றும் இருக்காது. பொய் சொன்னால் புதுப் போன், உண்மை சொன்னால் பழைய நிம்மதி. நேர்மைக்கு இவ்வளவு ஆதாயம் வாழ்க்கையில் அடிக்கடி அமைவதில்லை.

“நான்தான் தெளிச்சேன். மஞ்சத் தண்ணி.”

சுதர்சினி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஈரக் கை பட்டிருக்கும், அப்படித்தானே அம்மா?”

“இல்ல புள்ள. நல்லா நனையிற மாதிரித்தான் தெளிச்சேன்.”

“இப்படிச் சொன்னா கம்பனி தராது.”

“தெரியும்.”

சுதர்சினி பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இழுக்கும்போதும், இந்த அம்மா மனசு மாறுவாளோ என்று பார்த்தபடியே இழுத்தாள்.

கஜலட்சுமி பழைய போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். மில்லுக்குத் திரும்பிப் போய், மிச்சமிருந்த தூளைப் பக்கற் கட்டினாள்.